எச்டிஏசி-3ஐ விட்டுவிட்டு எச்டிஏசி-1, 2 ஆகிய இரண்டை மட்டும் தடுக்க முடியுமா?

காலாப்பட்டு மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரியில் உயிர்வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். ஹிஸ்டோன் புரதங்களின் லைசினில் ஒட்டியிருக்கும் அசிட்டைல் தொகுதியை நீக்கும் நொதிகளான ஹிஸ்டோன் டிஅசிட்டைலேஸ்களில், அதாவது எச்டிஏசி குடும்பத்தில், 1, 2 ஆகிய இரண்டை மட்டும் தடுத்து 3ஐத் தொடாமல் விடும் சேர்மங்களை வடிவமைப்பதுதான் என் ஆய்வுத் தலைப்பு. வோரினோஸ்டாட் போன்ற புற்றுநோய் மருந்துகள் இக்குடும்பத்தின் பல நொதிகளை ஒருசேரத் தடுப்பதால்தான் பக்கவிளைவுகள் மிகுதியாக உள்ளன என்றும், தெரிவுத்திறன், அதாவது குறித்த நொதியை மட்டும் தடுக்கும் திறன், கூடினால் அவை குறையும் என்றும் ஆய்வு முன்மொழிவில் எழுதியிருக்கிறேன்.

இதுவரை நடந்தது கணினி வேலை மட்டுமே. ஹைட்ராக்சாமிக் அமில முனை கொண்ட ஒரு சேர்ம வரிசையை வரைந்து, மூன்று நொதிகளின் படிகக் கட்டமைப்புகளிலும் டாக்கிங் செய்து, அதாவது சேர்மம் நொதியில் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் கணித்து, பார்த்தேன். வரிசையிலேயே சிறந்த சேர்மத்துக்கு எச்டிஏசி-1இல் -8.9, எச்டிஏசி-2இல் -9.1, எச்டிஏசி-3இல் -8.3 என மதிப்பெண்கள் (மோலுக்குக் கிலோகலோரியில்; எண் எவ்வளவு கீழே போகிறதோ பிணைப்பு அவ்வளவு வலு) வந்தன. இந்த வேறுபாட்டைத் தெரிவுத்திறன் என்று கொள்ளலாமா? நெறியாளர் தொகுப்பு வேலையைத் தொடங்கலாம் என்கிறார். இரசாயனங்களுக்குப் பணம் செலவழிக்கும் முன் இத்துறையில் வேலை செய்தவர்களிடம் கேட்டுவிட விரும்புகிறேன்.

இன்னொரு ஐயமும் உண்டு. மஞ்சளில் உள்ள குர்குமின் எச்டிஏசியைத் தடுக்கிறது என்று பல கட்டுரைகள் கூறுவதால், அதையே அடிப்படைச் சட்டகமாக எடுத்துக்கொண்டால் என்ன என்று எங்கள் ஆய்வகத்தில் ஒருவர் கேட்கிறார். அது சரியான வழியா?

முதுநகர் வேதியியலர் எழுதியது:

கடலூரில் மருந்து மூலப்பொருள் தொகுப்பில் பல ஆண்டுகள் இருந்தவன். அதற்கு முன் மருந்து வடிவமைப்புக் குழு ஒன்றில் வேலை செய்தேன். உங்கள் மதிப்பெண்களில் எச்டிஏசி-2க்கும் 3க்கும் இடையே உள்ள 0.8 என்ற வேறுபாட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு சேர்மம் ஒரு நொதியை மற்றொன்றைவிடப் பத்து மடங்கு வலுவாகப் பற்றுவதற்கு, அறை வெப்பநிலையில் பிணைப்பு ஆற்றலில் மோலுக்கு ஏறத்தாழ 1.4 கிலோகலோரி வேறுபாடு இருந்தால் போதும்; நூறு மடங்குக்கு 2.7 போதும். டாக்கிங் நிரல்களின் மதிப்பீட்டுப் பிழையோ வழக்கமாகவே 2 கிலோகலோரியை ஒட்டி இருக்கும். செயல்மையத்தில் துத்தநாக அயனி இருக்கும்போது நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் ஹைட்ராக்சாமிக் அமிலம் தன் புரோட்டானை இழந்த பின் பிணைகிறதா, அந்தப் புரோட்டானை அருகிலுள்ள ஹிஸ்டிடின் ஏற்றுக்கொள்கிறதா, துத்தநாகத்தின் மின்னூட்டம் ஈனிகளின்மேல் எவ்வளவு பரவுகிறது என்பவற்றையெல்லாம் சாதாரண மதிப்பெண் சமன்பாடு கணக்கில் எடுப்பதே இல்லை. ஆகவே உங்கள் 0.8 தெரிவுத்திறனுக்குச் சான்று ஆகாது. டாக்கிங்கை ஒரு சேர்மம் குழிக்குள் எவ்வாறு அமரக்கூடும் என்று பார்ப்பதற்குப் பயன்படுத்துங்கள். எந்த நொதியை அதிகம் விரும்பும் என்று முடிவுகட்டப் பயன்படுத்தாதீர்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் நீங்கள் தேர்ந்தெடுத்த முனையில் இருக்கிறது. மனித உடலில் உள்ள 18 எச்டிஏசிகளில் 11 துத்தநாகத்தை நம்பி வேலை செய்பவை. மீதி 7, சர்டுயின்கள், என்ஏடி என்ற துணைநொதியை நம்பியவை. அந்தப் பதினொன்றிலும் லைசின் நுழையும் குறுகிய வாய்க்காலின் அடியில் துத்தநாகம் இருக்கிறது. வாய்க்காலின் சுவர்களும் பெரும்பாலும் ஒத்தவை. ஹைட்ராக்சாமிக் அமிலம் துத்தநாகத்தை மிக வலுவாகப் பற்றுவதால், மூலக்கூறின் மற்றப் பகுதிகள் எவ்வளவு நயமாகப் பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும் பிணைப்பு நிகழ்ந்துவிடுகிறது. இந்த முனையை வைத்துக்கொண்டே தெரிவுத்திறன் பெற்றவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அது பெரும்பாலும் எச்டிஏசி-6இல்தான். அதன் வாய்க்கால் வாய் மற்றவற்றைவிட அகலமாக இருப்பதால், டுபாஸ்டாடின் போன்ற சேர்மங்களில் உள்ள பருத்த தலைப்பகுதி அங்கே இடம்பெறுகிறது, 1இலும் 2இலும் முட்டிக்கொள்கிறது. உங்கள் இலக்கு 1, 2 எதிர் 3. அவற்றின் வாய்ப்பகுதிகளில் நீங்கள் நம்பிப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு வேறுபாடு இல்லை.

வேறுபாடு இருப்பது துத்தநாகத்துக்கு அப்பால். இக்குடும்பத்தில் 1, 2, 3 ஆகியவை அடங்கிய முதல் வகுப்பு நொதிகளில், வாய்க்காலின் அடியிலிருந்து பக்கவாட்டில் ஓர் உள்ளறை திறக்கிறது. ஆங்கில நூல்களில் பாதக்குழி என்ற பொருளில் குறிப்பிடுவார்கள். எச்டிஏசி-1, 2 ஆகியவற்றில் அந்த அறையின் சுவரில் செரின் இருக்கும் இடத்தில் எச்டிஏசி-3இல் டைரோசின் இருக்கிறது. டைரோசினின் பருத்த பக்கச்சங்கிலியால் அறை சுருங்கிவிடுகிறது. ஹைட்ராக்சாமிக் அமில முனை கொண்ட ஹைட்ராக்சாமேட்டுகள் துத்தநாகத்தோடு நின்றுவிடுவதால் இந்த அறையை எட்டுவதே இல்லை. ஆர்த்தோ-அமினோஅனிலைடு முனை கொண்ட பென்சமைடுகள்தாம் எட்டுகின்றன. என்டினோஸ்டாட் இவ்வகையைச் சேர்ந்தது. அதன் அமினோ வளையத்தில் கூடுதல் வளையம் ஏதுமில்லாததால் 1, 2, 3 மூன்றையும் தடுக்கிறது. அதே வளையத்தில் அமினோ தொகுதிக்குப் பாரா இடத்தில், அதாவது நேர் எதிரே, ஒரு பீனைல் அல்லது தயீனைல் வளையத்தைச் சேர்த்தால், அந்த வளையம் எச்டிஏசி-1, 2 ஆகியவற்றின் அறைக்குள் நுழைந்துவிடும், எச்டிஏசி-3இன் டைரோசினில் மோதி நின்றுவிடும். நீங்கள் தேடும் தெரிவுத்திறன் இந்த ஒற்றை வளையத்தில் இருக்கிறது. ஆனால் 1ஐயும் 2ஐயும் தம்முள் பிரிக்க இந்த வழியில் முயலவேண்டாம், அவற்றின் செயல்மையங்கள் ஏறத்தாழ ஒன்றே.

கட்டமைப்புக் கோப்பைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதை நினைவில் வையுங்கள். எச்டிஏசி-2இன் கட்டமைப்பு 2010இல் வெளிவந்தபோதே பென்சமைடு பிணைந்த நிலையில் வெளிவந்தது. அத்தகைய கட்டமைப்பையே எடுங்கள். எச்டிஏசி-3இன் 2012 கட்டமைப்பில் எஸ்எம்ஆர்டி என்ற துணைப்புரதத்தின் துண்டும், இரண்டுக்கும் இடையில் பசைபோல் ஓர் இனோசிட்டால் டெட்ராபாஸ்பேட்டும் இருக்கும். தேவையற்ற சிறு மூலக்கூறு என்று எண்ணி அதை நீக்கிவிட்டு டாக்கிங் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தொகுப்புக்கு 4-புரோமோ-2-நைட்ரோஅனிலினிலிருந்து தொடங்குங்கள். அமினோவைப் பாக் என்ற காப்புத் தொகுதியால் மறைத்து, கார்பன்களை இணைக்கும் சுசுகி வினையில் வளையத்தைச் சேர்த்து, நைட்ரோவை ஒடுக்கி, அங்கே பிறக்கும் அமினோவில் அமைடைக் கட்டி, கடைசியில் பாக்கை எடுத்தால் வேண்டிய இடத்தில் வேண்டியது அமையும். அந்தக் கடைசிப் படியில் அமிலத்தோடு சூடேற்றவே கூடாது. சூடேற்றினால் அமினோவும் அமைடும் ஒன்றோடொன்று வளைந்து பென்சிமிடசோலாக மூடிக்கொள்ளும், அது துத்தநாகத்தைப் பற்றாது. நீர் ஒன்று போய்விடுவதால் மூலக்கூறு எடை 18 குறைந்திருக்கும்; நிறை நிறமாலையில் அந்த உச்சி தெரிந்தால் அந்தத் தயாரிப்பைச் சோதனைக்கு அனுப்பாதீர்கள்.

கோரிமேடு மருத்துவர் எழுதியது:

புதுச்சேரியில் புற்றுநோய் மருத்துவராக இருக்கிறேன். வேதியியலர் ஐயா சொன்னவற்றில் எனக்குக் கருத்து சொல்ல அறிவில்லை; மாணவியின் முன்மொழிவில் உள்ள ஒரு வாக்கியத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தெரிவுத்திறன் கூடினால் பக்கவிளைவு குறையும் என்பதை இந்த நொதிகளுக்கு அப்படியே எழுதிவிட முடியாது.

வோரினோஸ்டாட் 2006இலும், ரொமிடெப்சின் 2009இலும், பெலினோஸ்டாட் 2014இலும், பனோபினோஸ்டாட் 2015இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. இவற்றில் எதைக் கொடுத்தாலும் மருத்துவர் கண்ணில் படும் முதல் தொல்லைகளில் ஒன்று இரத்தத் தட்டணுக்கள் குறைவது. அது பலவற்றையும் தடுப்பதால் வரும் தற்செயல் விளைவு என்று பலர் எண்ணுகிறார்கள். எலிகளில் எச்டிஏசி-1, 2 ஆகிய இரண்டையும் இரத்த உருவாக்க உயிரணுக்களில் நீக்கிப் பார்த்த ஆய்வுகளில், தட்டணுக்களை உருவாக்கும் பேருயிரணுக்கள் பாதிக்கப்பட்டுத் தட்டணு எண்ணிக்கை குறைந்தது. அதாவது, நீங்கள் குறிவைக்கும் அதே இரண்டு நொதிகளைத் தடுப்பதன் நேரடி விளைவு அது. எச்டிஏசி-3ஐ விட்டுவிடுவதால் தட்டணுக்கள் காப்பாற்றப்படும் என்று எதிர்பார்ப்பதற்கு அடிப்படை இல்லை. இலக்கு தவறுவதால் வரும் நச்சுத்தன்மையைத்தான் தெரிவுத்திறன் நீக்கும். இலக்கைச் சரியாகத் தாக்குவதால் வருவதை நீக்காது.

தெரிவுத்திறன் இருந்தும் நோயாளிக்குப் பயன் கிட்டாமல் போனதும் உண்டு. முதல் வகுப்புக்குத் தெரிவுள்ள என்டினோஸ்டாட்டை, ஹார்மோன் ஏற்பி உள்ள மார்பகப் புற்றுநோயில் எக்செமெஸ்டேன் என்ற ஹார்மோன் சிகிச்சை மருந்தோடு சேர்த்துக் கொடுத்த மூன்றாம் கட்ட ஆய்வு ஒன்று 608 நோயாளிகளைச் சேர்த்து நடந்தது. 2021இல் வெளிவந்த முடிவின்படி ஆயுள் கூடவில்லை. அதற்கு உறவான டுசிடினோஸ்டாட் அதே எக்செமெஸ்டேனோடு சேர்ந்து சீனாவில் நோய் வளர்ச்சியைத் தள்ளிப்போட்டு 2019இல் அங்கே ஒப்புதலும் பெற்றது. இவ்வளவு நெருங்கிய இரண்டு மருந்துகள் ஏன் இப்படிப் பிரிந்தன என்பது நொதிச் சோதனையின் எண்களிலிருந்து தெரிய வருவதில்லை.

டி.என்.ஏ. வரிசையை மாற்றாமல் மரபணுக்களின் செயல்பாட்டை மாற்றும் மருந்துகளில், எச்டிஏசி தடுப்பான்கள் அல்லாமல், எங்கள் துறையில் அன்றாடம் கையாளுபவை அசாசிட்டிடினும் டெசிட்டபினும்தாம். அசாசிட்டிடின் சதுர மீட்டருக்கு 75 மில்லிகிராம் வீதம் 28 நாளுக்கு ஒருமுறை ஏழு நாள் கொடுக்கப்படுகிறது. டி.என்.ஏ. இரட்டிப்பாகும்போது அதற்குள் புகுந்து மெத்தில் சேர்க்கும் நொதியைச் சிக்கவைக்கும் இந்தப் பழைய சேர்மத்தை வேதியியலர்கள் தெரிவுள்ளது என்று சொல்லமாட்டார்கள். ஆனால் மைலோடிஸ்பிளாசியா என்ற எலும்பு மஜ்ஜை நோயில் அது வேலை செய்கிறது.

என் கருத்தில் மெய்யான தெரிவுத்திறன் நொதியைப் பொறுத்ததாக மட்டும் இருக்கக்கூடாது, கட்டியைப் பொறுத்ததாகவும் இருக்கவேண்டும். புரதங்களில் மெத்தில் தொகுதியைச் சேர்க்கும் பிஆர்எம்டி-5 என்ற நொதியைப் பாருங்கள். பல கட்டிகளில் 9ஆம் குரோமோசோமில் கட்டியைத் தடுக்கும் சிடிகேஎன்2ஏ மரபணு அழியும்போது அதற்கு அடுத்திருக்கும் எம்டிஏபி என்ற மரபணுவும் சேர்ந்தே அழிந்துவிடுகிறது. அதனால் மெத்தில்தயோஅடினோசின் என்ற கழிவு மூலக்கூறு அந்த உயிரணுக்களில் மட்டும் தேங்கி, பிஆர்எம்டி-5ஐப் பாதி அடைத்து நிற்கிறது. 2016இல் இந்தப் பலவீனம் வெளிப்பட்டது. முந்தைய தடுப்பான்கள் நலமான உயிரணுவிலும் அந்த நொதியைத் தடுத்ததால் இரத்த அணுக்கள் குறைந்தன. இப்போது மருத்துவ ஆய்வில் உள்ள புதிய தலைமுறைச் சேர்மங்கள், அந்தக் கழிவு மூலக்கூறு பிணைந்திருக்கும் நொதியை மட்டும் விரும்பிப் பற்றும்படி வடிவமைக்கப்பட்டவை. எந்த உயிரணுவில் தாக்குவது என்பது அந்த வடிவமைப்பிலேயே அடங்கிவிட்டது.

காலாப்பட்டு மாணவி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. முன்மொழிவில் பக்கவிளைவு பற்றிய வாக்கியத்தை மாற்றி எழுதுகிறேன். ஆனால் மருத்துவர் அம்மா எழுதியதைப் படித்தபின், தலைப்பையே மாற்றவேண்டுமோ என்ற கவலை வந்துவிட்டது. பென்சமைடுகளைத் தொகுத்துவிட்டால், அவற்றின் தெரிவுத்திறனை எங்கள் ஆய்வகத்திலேயே அளந்துவிட முடியுமா என்பதையும் யாராவது கூறினால் உதவியாக இருக்கும். ஒளிர்வு அளக்கும் தட்டு வாசிப்பான் எங்களிடம் உள்ளது.

சிதம்பரம் நொதியாளர் எழுதியது:

அளக்கலாம், ஆனால் வணிகக் கிட்டின் கையேட்டில் உள்ளபடியே செய்தால் பென்சமைடுகளில் தவறான எண்தான் கிடைக்கும். ஹைட்ராக்சாமேட்டுகள் நொதியில் விரைவாக ஏறி விரைவாக இறங்குபவை. அவற்றுக்குக் கால்மணி நேர முன்கலவை போதும். பென்சமைடுகள் மிக மெதுவாகப் பிணைந்து, பிணைந்தபின் மிக மெதுவாகவே விலகுகின்றன. அவற்றை நொதியோடு சில மணி நேரம் வைத்திருந்து, வெவ்வேறு நேரங்களில் ஐசி50 மதிப்பை, அதாவது நொதியின் வேலையைப் பாதியாகக் குறைக்கும் தடுப்பான் செறிவை, எடுத்து, அது நேரத்தோடு இறங்கி எங்கே நிலைகொள்கிறது என்று பார்க்கவேண்டும். எச்டிஏசி-2இல் மெதுவாகவும் எச்டிஏசி-3இல் ஓரளவு விரைவாகவும் பிணையும் ஒரு சேர்மத்தை அரைமணி நேரத்தில் அளந்தால் தெரிவுத்திறன் தலைகீழாகக்கூடத் தோன்றலாம்.

எச்டிஏசி-3ஐத் தனியாக வாங்காதீர்கள், அது தனித்து வேலை செய்யாது. துணைப்புரதங்களான என்கோர் அல்லது எஸ்எம்ஆர்டியின் துண்டோடு சேர்ந்த தயாரிப்பையே கேட்டு வாங்குங்கள். நொதியின் செறிவையும் கவனியுங்கள், ஏனெனில் ஐசி50 மதிப்பு நொதிச் செறிவின் பாதிக்குக் கீழே இறங்க முடியாது; குழியில் 10 நானோமோலார் நொதியை ஊற்றிவிட்டு 2 நானோமோலார் தடுப்பானைத் தேடுவதில் பயனில்லை. கிட்டுகள் பலவற்றில் அசிட்டைல் நீங்கிய வினைப்பொருளை வெட்டி ஒளிர்வை வெளியிடச் செய்வது டிரிப்சின் என்ற மற்றொரு நொதி என்பதால், உங்கள் சேர்மம் டிரிப்சினைத் தடுத்தாலும் எச்டிஏசியைத் தடுத்ததுபோலவே தெரியும். எச்டிஏசி இல்லாமல், ஏற்கனவே அசிட்டைல் நீங்கிய வினைப்பொருளைக் கொண்டு ஒரு கட்டுப்பாட்டுக் குழியை ஒவ்வொரு தட்டிலும் வைத்தே தீரவேண்டும். நம் கடற்கரையின் ஈரக்காற்றில் டிஎம்எஸ்ஓ கரைப்பான் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கரைசல் குப்பியைத் திறந்து திறந்து பயன்படுத்தினால் சேர்மம் வீழ்படிவாகி, செறிவுக் கணக்கு பொய்யாகிவிடும். சிறு குப்பிகளில் பிரித்து உறைய வைத்து, ஒவ்வொன்றையும் ஒரே முறை பயன்படுத்துங்கள்.

குர்குமின் பற்றிய கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை. அதை அடிப்படையாக எடுக்காதீர்கள். அது ஒளியை உறிஞ்சும், தானே ஒளிரும், புரதங்களின் தயால்களோடு (கந்தகத் தொகுதிகளோடு) வினைபுரியும், உலோகங்களைப் பற்றும், நடுநிலை நீர்க்கரைசலில் சில நிமிடங்களிலேயே சிதையத் தொடங்கும். ஒளிர்வை நம்பிய சோதனையில் இத்தனை குணமும் உள்ள ஒரு சேர்மம் எந்த நொதியைத் தடுப்பதாகவும் தோன்றும். 2017இல் மருந்து வேதியியலர்கள் அதைப் பற்றிய ஆய்வுகளை விரிவாகப் பரிசீலித்து, மருந்துக்கான தொடக்கப் புள்ளியாக அது தகாது என்றே எழுதினார்கள். மஞ்சள் நம் வட்டாரத்தில் மலிவாகக் கிடைப்பது இந்த முடிவை மாற்றாது.

நல்ல வேதிக்கருவி என்று ஒரு சேர்மத்தை ஏற்பதற்குப் பன்னாட்டு ஆய்வுக் குழுக்கள் வைத்திருக்கும் அளவுகோலையும் முன்மொழிவில் இலக்காக எழுதலாம்: நொதியில் 100 நானோமோலாருக்குக் கீழ் வலிமை, அதே குடும்பத்தின் மற்ற நொதிகளோடு ஒப்பிட 30 மடங்குக்கு மேல் தெரிவு, உயிரணுவில் 1 மைக்ரோமோலாருக்குள் இலக்கைத் தொட்டதற்கான சான்று. மூன்றாவதுதான் கடினம். ஹிஸ்டோனில் அசிட்டைல் கூடியிருப்பதை வெஸ்டர்ன் பிளாட் என்ற புரதச் சோதனையில் காட்டிவிடலாம், ஆனால் அது 1, 2, 3 எதைத் தடுத்தாலும் கூடும். எச்டிஏசி-6 அசிட்டைலை நீக்கும் புரதமான டுபுலினில் அசிட்டைல் கூடவில்லை என்றால் எச்டிஏசி-6 தப்பியது என்று மட்டும் கூறலாம். உயிரணுவுக்குள் 1, 2 எதிர் 3 என்று பிரித்துக் காட்ட, இலக்கு நொதியோடு ஒளிரும் குறியை இணைத்துப் பிணைப்பையே நேரடியாக அளக்கும் முறை தேவை. அதற்கு வெளியே ஓர் ஆய்வகத்தோடு கூட்டுச்சேர வேண்டியிருக்கும்.

முதுநகர் வேதியியலர் எழுதியது:

தலைப்பை மாற்றவேண்டியதில்லை. மருத்துவர் அம்மா கூறிய தட்டணுக் கருத்தை ஏற்கிறேன். ஆனால் அதிலிருந்து, எச்டிஏசி-1, 2 தடுப்பான்களுக்குப் பயனே இல்லை என்ற முடிவு வராது. மருந்து என்ற இலக்கை ஒதுக்கி வைத்து, எந்த விளைவு எந்த நொதியால் வருகிறது என்று பிரித்தறியும் கருவியாக அச்சேர்மத்தை எண்ணிப் பாருங்கள். மரபணுவை நீக்கினால் புரதமே இல்லாமல் போய், அது தாங்கி நிற்கும் கூட்டமைப்பும் குலைகிறது. தடுப்பான் புரதத்தை விட்டுவைத்து அதன் வேலையை மட்டும் நிறுத்துகிறது. இவை இரண்டும் ஒன்றல்ல. தட்டணுக் குறைவு எவ்வளவு நேரத் தடுப்புக்குப் பின் தொடங்குகிறது, இடைவெளி விட்டால் மீள்கிறதா என்பதையெல்லாம் தெரிவுள்ள சேர்மம் கையில் இருந்தால்தான் கேட்கவே முடியும். மெதுவாக விலகும் பென்சமைடுகளில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் பொருள் உண்டு. என்டினோஸ்டாட்டை வாரம் ஒருமுறை கொடுத்தார்கள், வோரினோஸ்டாட்டை நாள்தோறும் 400 மில்லிகிராம் கொடுக்கவேண்டியிருந்தது.

நொதியாளர் சொன்னதோடு இன்னொன்றைச் சேர்க்கிறேன். உயிரணுவில் எச்டிஏசி-1, 2 தனியாகத் திரிவதில்லை. பல புரதங்கள் சேர்ந்த சின்3, நூர்ட், கோரெஸ்ட் ஆகிய பெரிய கூட்டமைப்புகளில் அமர்ந்திருக்கின்றன. 2011இல் உயிரணுச் சாற்றிலிருந்து நேரடியாக அளந்த ஓர் ஆய்வில், பென்சமைடுகள் சின்3 கூட்டமைப்பில் உள்ள எச்டிஏசியைப் பற்றவில்லை, ஹைட்ராக்சாமேட்டுகள் பற்றின. நொதி அதேதான், துத்தநாகமும் அதேதான், அருகிலிருக்கும் புரதங்கள் வேறு. தூய நொதியில் நீங்கள் அளக்கும் 30 மடங்கு, உயிரணுவில் கூட்டமைப்புக்குக் கூட்டமைப்பு மாறக்கூடும் என்பதை ஆய்வேட்டின் விவாதப் பகுதியில் எழுதாமல் விடாதீர்கள்.

சேர்மங்களைத் தொகுக்கும்போது, ஒவ்வொரு நல்ல சேர்மத்துக்கும் அந்த அமினோ தொகுதி இல்லாத இரட்டையையும் தொகுத்துவிடுங்கள். அமினோ போனால் துத்தநாகத்தைப் பற்றும் பிடி போய்விடும், மற்றெல்லாம் ஏறத்தாழ அப்படியே இருக்கும். உயிரணுக்களைக் கொல்வதில் இரட்டையும் மூலச் சேர்மத்துக்கு ஈடாக இருந்தால், அந்தக் கொலைக்கு எச்டிஏசி காரணமில்லை. பென்சமைடுக் குப்பிகளை ஒளிபடாமல், நைட்ரஜன் நிரப்பி வையுங்கள். அமினோ வளையங்கள் காற்றுப் பட்டால் பழுப்பேறும், மழைக்காலத்தில் இன்னும் விரைவாக.